பங்குதாரர்கள் – 14: எல்ஸியின் ஓட்டு

2023 நவம்பர் 9, வியாழக்கிழமை. இங்கிலாந்தின் வடமேற்கே, லங்காஷயரின் சோர்லி நகரில் இயங்கிவந்த ‘லேடில்’ கம்பெனியின் சிறு பங்குதாரர்கள் அறுநூற்று நாற்பது பேருக்கான இணைய ஓட்டெடுப்பு அன்று மாலை ஐந்து மணிக்கு முடிவதாக இருந்தது.

காலையில் மரியன் ஹாலிவெல்லின் வீட்டு வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. பக்கவாட்டில் லேடில் என்ற பெயருக்கேற்ற பெரிய கரண்டிப் படம். அவள் மகன் காரெத் இறங்கினான். ஷூவைக் கழற்றாமல் சமையலறைக்குள் வந்து, நாற்காலியை இழுத்து, கோட்டோடு உட்கார்ந்தான்.

“சாப்பிட்டியா?”

“இல்ல.”

“தூங்கினியா?”

“ஒவ்வொண்ணா கேக்காதம்மா. எல்லாத்துக்கும் ஒரே பதில்தான்.”

மரியன் ரொட்டியை டோஸ்டரில் வைத்தாள். மழை கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது. மகனின் தாடி நரைக்க ஆரம்பித்திருப்பதை அவள் அந்தக் காலையில்தான் கவனித்தாள். முப்பத்தெட்டு வயது.

லேடில் வேன்கள் ஓட்ஸ், அரிசி, துணி துவைக்கும் திரவம் எல்லாவற்றையும் தொட்டிகளில் ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாகப் போகும். ஜனங்கள் காலி டப்பாவோடு வந்து நிரப்பிக்கொள்வார்கள். ஊரடங்குக் காலத்தில் தெருவே வரிசையில் நின்றது. அந்த வேகத்தில் 2021 வசந்தத்தில் காரெத் தன் கம்பெனியை பலரிடம் சிறுசிறு தொகையாகப் பணம் சேர்க்கும் ஒரு திரள்நிதி இணையதளத்தில் வைத்தான். பத்து பவுண்டு இருந்தாலே பங்கு வாங்கலாம். பணம் சேர்ந்தது. ஏழு வேன்கள் வாங்கினான். ஊரடங்கு முடிந்தது, ஜனங்கள் சூப்பர்மார்க்கெட்டுக்குத் திரும்பினார்கள். இப்போது ஓடுவது மூன்று வேன்கள்.

லீட்ஸ் நகரத்து முதலீட்டு நிறுவனம் ஒன்று புதிதாகப் பணம் போட முன்வந்திருந்தது. அதற்கு ஒரு நிபந்தனை வைத்தது. பழைய பங்குகளின் மதிப்பை நூறுக்கு இரண்டாகக் குறைக்க வேண்டும். ஒரு பங்குக்கு ஒரு ஓட்டு; விழும் ஓட்டில் முக்கால்வாசி சம்மதமாக இருந்தால்தான் அது நடக்கும். நடக்காவிட்டால் திங்கட்கிழமை கம்பெனியை மூடக் கலைப்பு அதிகாரி வருவார். வேன் கடனுக்குக் காரெத் தன் வீட்டை ஜாமீன் காட்டியிருக்கிறான் என்பது சென்ற ஞாயிறன்றுதான் மரியனுக்குத் தெரிந்தது. அவன் மனைவி ஹன்னாவுக்கு இன்னும் தெரியாது.

“இப்ப எவ்வளவு?”

“எழுபத்து மூணு.”

“எழுபத்தஞ்சு வேணுமில்ல?”

“எங்கிட்டயே சொல்றியா?” காரெத் கண்களை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தான். “பாதிப் பேரு மெயிலையே தொறக்கலம்மா. உன் கிளப்புல இருபத்தாறு பேரு இருக்காங்க. இன்னிக்கு டாமினோவுக்கு எல்லாரும் வருவாங்கள்ல? போன்ல ‘சம்மதம்’னு ஒரு தடவை தட்டினா போதும்.”

“தட்டச் சொல்றேன்.”

“அதுல ஒன்பது பேரு தட்டவே வேண்டாம். அது உன் கைலதான் இருக்கு.”

மரியன் திரும்பிப் பார்க்காமல் வெண்ணெய் தடவினாள்.

அது உண்மை. மரியன் முப்பது வருடம் சந்தைத் தெரு மருந்துக்கடையில் வேலை பார்த்தவள். எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று பாதி ஊருக்குச் சொன்னவள். அவள் சொன்னால் மில் லேன் பந்தாட்டக் கிளப்பில் கேட்பார்கள். பங்கு வாங்குமுன் இணையதளம் சில கேள்விகள் கேட்கும்; சரியாகப் பதில் சொன்னால்தான் உள்ளே விடும். மரியன் ஒவ்வொருவர் வீட்டுச் சமையலறையிலும் உட்கார்ந்து, தேநீர் குடித்தபடி, அந்தப் பரீட்சையை எழுதிக் கொடுத்தாள்.

‘போட்ட பணம் முழுவதும் போய்விடலாம் என்பது உங்களுக்குத் தெரியுமா?’ என்று ஒரு கேள்வி.

“போகாதுன்னுதானே சொன்னே?” என்று கேட்டாள் பக்கத்து வீட்டு எல்ஸி பூத்.

“தெரியும்னு தட்டிடறேன் எல்ஸி. அப்பத்தான் அடுத்த பக்கம் வரும்” என்றாள் மரியன்.

மின்னஞ்சல் முகவரி இல்லாத ஒன்பது பேருக்கு அவளே முகவரி உண்டாக்கினாள். ஒன்பதும் அவள் போனில் இருந்தன. ஒன்பதுக்கும் ஒரே கடவுச்சொல். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். யாரும் பார்த்துக்கொள்ளவில்லை.

“அவங்களைக் கேக்காம எப்படிடா?”

“சேக்கும்போது கேட்டியா?”

“கேட்டேன். கேட்டுட்டுத்தான் அழுத்தினேன்.”

“சரி. இப்பவும் கேட்டுட்டு அழுத்து. சின்னதா ஒரு பேப்பர் வேலைன்னு சொல்லு.”

“நூறை ரெண்டு ஆக்கறதுக்குப் பேரு பேப்பர் வேலையா?”

“வேண்டாம்னு போட்டா அந்த ரெண்டும் கிடையாதும்மா.”

“அப்ப அதையே சொல்றேன்.”

“அதையெல்லாம் சொன்னா கிளப்புல அந்த ட்ரெவர் எந்திரிச்சு நிப்பாரு. அவரு பேசி முடிக்கறதுக்குள்ள மணி அஞ்சாயிடும்.” காரெத் எழுந்தான். ரொட்டியை ஒரு கடி கடித்துவிட்டு மீதியைத் தட்டிலேயே வைத்தான். “நான் பொய் சொல்லச் சொல்லலம்மா. சுருக்கமா சொல்லுன்னுதான் சொல்றேன்.”

வேன் கிளம்பும் சத்தம் கேட்டது. மரியன் அந்த மீதி ரொட்டியைத் தானே தின்றாள்.

*

மகள் கெர்ரி ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். மதிய இடைவேளையில் வந்து அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டாள்.

“முதலாளியம்மா, பெல்ட்டைப் போடு.”

“உனக்கு எல்லாமே கிண்டல்தான்.”

“எனக்கு வேற என்ன இருக்கு? தம்பிக்கு ஏழு வேனு. எனக்கு உன் பழைய வாஷிங் மெஷின்.” கெர்ரி கண்ணாடியைத் துடைத்தாள். “ஹன்னாகிட்ட சொல்லிட்டானா?”

“இன்னும் இல்ல.”

“எப்ப சொல்றதா உத்தேசம்? வீட்டு வாசல்ல ‘விற்பனைக்கு’ போர்டு வச்சப்புறமா?”

மரியன் கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். எல்ஸியின் எண்ணுக்குக் கூப்பிட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அன்று காலை பிரஸ்டன் மருத்துவமனையில் எல்ஸிக்கு இடுப்பெலும்பு அறுவை. மரியன் வார்டுக்குக் கூப்பிட்டாள். இன்னும் அறுவைக்கூடத்திலிருந்து வரவில்லை, சாயங்காலம் கேளுங்கள் என்றாள் நர்ஸ்.

“எல்ஸி எவ்வளவு போட்டிருக்கா?” என்று கேட்டாள் கெர்ரி.

“ரெண்டாயிரம்.”

“அடேயப்பா.”

“கிளப்புல அவதான் ஜாஸ்தி. நூறு போதும்னு சொன்னேன். ‘காரெத் சின்னப் பையனா இருந்தப்ப எங்க வீட்டு வேலியைத் தாண்டி வந்து பிஸ்கட் கேப்பான், அவனுக்கு நூறா குடுக்கறது?’ன்னு அவ கேட்டா.”

சிவப்பு விளக்கில் கார் நின்றது. கெர்ரி ஸ்டியரிங்கில் தாளம் போட்டாள். போடுவதை நிறுத்தினாள்.

“அம்மா, நான் ஒண்ணு சொல்லட்டா? அழுத்திடு.”

“நீயா சொல்றே?”

“நான்தான் சொல்றேன். ஒன்பதையும் அழுத்திட்டு, கிளப்புல சுடற இறைச்சி ‘பை’யைத் தின்னுட்டு, டாமினோ ஆடிட்டு வா. வீடு போனா அவன், ஹன்னா, ரெண்டு பசங்க எங்க வருவாங்க? என்னோட ரெண்டு ரூமுக்குத்தான். உன் வீட்டுல உனக்குப் படுக்கறதுக்கே இடம் பத்தாது.”

“அவங்க என்னை நம்பித்தானே கெர்ரி…”

“நல்லவளா இருக்கணும்னா ரெண்டு வருஷம் முன்னாடி இருந்திருக்கணும்.”

பச்சை விழுந்தது. பின்னால் ஒருவன் ஹார்ன் அடித்தான். கிளப் வாசலில் கார் நின்றது. மரியன் இறங்கும்போது கெர்ரி கையை நீட்டி அவள் கோட்டுக் காலரைச் சரிசெய்தாள்.

“பல்வலிக்காரங்களோட பேசிப் பேசி என் வாயி இப்படி ஆயிடுச்சு. போ. மழை வருது.”

*

புல்தரையில் பந்து உருட்டி ஆடும் அந்த ஆட்டம் நவம்பரில் கிடையாது. புல்தரை நனைந்து கிடந்தது. உள்ளே ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஈரக் கோட்டுகளின் வாசனை. மேசை மேல் டாமினோ கட்டைகள் விழும் சத்தம். அடுப்பில், மாவு மூடிக்குள் இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுட்ட ‘பை’ சூடாகிக்கொண்டிருந்தது.

“வாங்க, வாங்க! சேர்மன் அம்மா வந்தாச்சு” என்று கத்தினார் ட்ரெவர் என்ட்விசில். ஓய்வுபெற்ற தபால்காரர். பங்குதாரர்களுக்குக் கொடுத்த கரண்டி பேட்ஜை இன்னும் சட்டையில் குத்தியிருப்பவர் அவர் ஒருவர்தான். “எங்க டிவிடெண்டு?”

“அவங்க டிவிடெண்டை சோப்புத் தண்ணியிலதான்யா குடுப்பாங்க” என்றாள் அடுப்பருகில் நின்ற ஜாய்ஸ். கிளப்பின் பொருளாளர். மரியனின் பள்ளித் தோழி. “ஏன்டி மூஞ்சி இப்படி இருக்கு? எல்ஸிக்கு ஏதாவது ஆச்சா?”

“எல்ஸி நல்லாத்தான் இருப்பா. நான் எல்லார்கிட்டயும் ஒரு விஷயம் சொல்லணும். பையை அப்புறம் எடு.”

“ஆறிடும்” என்றார் ட்ரெவர்.

“ஆறட்டும் ட்ரெவர்.”

அந்தக் குரலில் டாமினோ கட்டைகளின் சத்தம் நின்றது.

மரியன் கோட்டைக் கழற்றவில்லை. மருந்துக் கவுன்டரில் நின்று சொல்வதுபோல, ஒன்றன் பின் ஒன்றாகச் சொன்னாள். கம்பெனி நஷ்டத்தில் இருக்கிறது. லீட்ஸ்காரர்கள் பணம் போடுவார்கள். அதற்காக உங்கள் நூறு பவுண்டு இரண்டு பவுண்டு ஆகும். கம்பெனி பிற்பாடு விற்கப்பட்டால் அவர்களுக்குத்தான் முதலில் பணம் போகும். மிச்சம் இருந்தால் உங்களுக்கு. சம்மதம் என்றால் இது. மறுப்பு என்றால், திங்கட்கிழமை கம்பெனியை மூடுவார்கள், எதுவும் வராது. ஐந்து மணிக்குள் சொல்ல வேண்டும்.

“பரீட்சையில கேட்ட கேள்விக்கெல்லாம் நான்தான் பதில் தட்டினேன்” என்றாள். “எதுக்குப் பதில் தட்டறோம்னு உங்களுக்குச் சொல்லாமத் தட்டினேன். அதையும் சொல்லிடறேன்.”



கடைசி மேசையிலிருந்து நார்மன் கை தூக்கினார். “துணி சோப்புல பத்து பர்சன்ட் தள்ளுபடி உண்டே, அது இருக்குமா?”

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பரவவில்லை.

“தெரியல நார்மன்.”

“இல்ல, நான் அதுக்காகத்தான் சேந்தேன்.”

ஜாய்ஸ் கையுறையைக் கழற்றி வைத்தாள். “இரு. எனக்குப் புரியற மாதிரி சொல்லு. வேண்டாம்னா ஒண்ணுமே இல்ல. சரின்னா கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்ல.”

“ஆமா.”

“அப்ப யாரும் சரின்னுதானேடி போடுவாங்க? இதுக்கு ஏன் நீ செத்த வீட்டுக்கு வந்தவ மாதிரி நிக்கற?”

மரியன் கோட்டுப் பொத்தானைத் திருகினாள்.

“உனக்கு இதுல என்ன போகும்?” என்றாள் ஜாய்ஸ், குரலைத் தாழ்த்தி.

“அதைக் கேக்காத. கேட்டா சொல்லிடுவேன். சொன்னா எல்லாரும் எனக்காகத் தட்டுவீங்க.”

ட்ரெவர் எழுந்தார். காரெத் சொன்னபடியே எழுந்தார். ஆனால் நீளமாகப் பேசவில்லை.

“ஏம்மா மரியன், நான் நானூறு போட்டேன். போனது போச்சு. நான் ஒண்ணும் பட்டினி கிடக்கப் போறதில்ல. ஆனா போனதுக்கு நானே சம்மதம்னு சொல்லணுமாம். முப்பத்தஞ்சு வருஷம் தபால் போட்டேன், ஆறு தடவை நாய் கடிச்சிருக்கு. ஒரு தடவைகூட, ‘நல்லா கடிச்சே’ன்னு அந்த நாய்க்கு எழுதிக் குடுத்ததில்ல.”

“அவன் நாயில்ல ட்ரெவர். என் பிள்ளை.”

“உன் பிள்ளையைச் சொல்லல. லீட்ஸ்காரனைச் சொல்றேன்.” அவர் உட்கார்ந்தார். “உன் பிள்ளையையும் கொஞ்சம் சொல்றேன்.”

பிறகு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேறு மாதிரிப் போயிற்று. போன் வைத்திருந்தவர்கள் மெயிலைத் தேடினார்கள். ஒருவருக்குக் கடவுச்சொல் மறந்துவிட்டது. ஒருவருக்குப் பேரனின் போனுக்குச் சரிபார்ப்பு எண் போய், பேரன் வகுப்பில் இருந்தான். நார்மன் தள்ளுபடி பற்றி எங்கே போட்டிருக்கிறது என்று தேடிக்கொண்டே இருந்தார். ஜாய்ஸ் பையை வெட்டிப் பரிமாறினாள். சிவப்புக் கோஸ் ஊறுகாய் ஜாடி கைமாறிக்கொண்டே போயிற்று.

மரியன் மூலை மேசையில் போனோடு உட்கார்ந்தாள். அவளிடம் கணக்கு இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து பக்கத்தில் அமர்ந்தார்கள். எல்ஸியைத் தவிர எட்டுப் பேர். இம்முறை ஒவ்வொருவருக்கும் சம்மதம், மறுப்பு என்ற இரண்டு வரிகளையும் சத்தமாகப் படித்துக் காட்டினாள்.

“நீ என்ன சொல்றே?” என்று கேட்டாள் ஒருத்தி.

“நான் ஒண்ணும் சொல்லல.”

“எப்பவும் சொல்லுவியே.”

“இன்னிக்கு நீதான் சொல்லணும்.”

அவள் ரொம்ப நேரம் யோசித்தாள். சம்மதம் என்றாள். முகத்தில் எரிச்சல் இருந்தது. அப்படிச் சிலர் சம்மதித்தார்கள். ஒருவர் மறுத்தார். ஒருவர் தனக்கு எதிலும் ஓட்டுப் போட விருப்பமில்லை, பொதுத்தேர்தலிலும் போட்டதில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

கடைசியாக ட்ரெவர் வந்தார். வாயில் இன்னும் பை இருந்தது.

“என்னோடதும் உன்கிட்டதானே?”

“ஆமா.”

“மறுப்பு.”

“சரி.”

“நீயே அழுத்துவியா?”

“வேற யாரு அழுத்துவா?”

அவள் அழுத்தினாள். ‘உறுதியாகவா?’ என்று திரை கேட்டது. மறுபடியும் அழுத்தினாள். ட்ரெவர் அவள் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு கோப்பைத் தேநீரோடு திரும்பி வந்தார்.

“சக்கரை போட்டிருக்கேன்.”

“நான் போடறதில்ல ட்ரெவர்.”

“இன்னிக்குக் குடி.”

*

காரெத் வேனைக் கிளப்பின் பின்புறம் நிறுத்தியிருந்தான். மரியன் ஏறியபோது வெளியே இருட்டிவிட்டிருந்தது. ஐந்து மணிக்கு இன்னும் சிறிது நேரம் இருந்தது. அவன் மடியில் கணினி.

“எழுபத்து நாலு புள்ளி ஆறு” என்றான். “ட்ரெவர் என்ன போட்டாரு?”

“வேண்டாம்னு.”

“அவரு கணக்கு உன்கிட்டதானே?”

“நான்தான் அழுத்தினேன்.”

காரெத் கணினியை மூடினான். திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் திட்டவில்லை. தலையைச் சீட்டில் சாய்த்துக்கொண்டான்.

“எல்ஸி ஆண்ட்டியோடது இன்னும் விழல” என்றான். “அது ரெண்டாயிரம். அது மட்டும் விழுந்தா தாண்டிடும். கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்.”

“இப்பத்தான் வார்டுக்குப் பேசினேன். ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதாம். மயக்கத்துல இருக்கா. ராத்திரி வரைக்கும் பேச முடியாதாம்.”

“முழிச்சிருந்தா என்ன சொல்லுவா?”

“சம்மதம்னு சொல்லுவா.”

“உனக்கே தெரியுது. அப்புறம் என்னம்மா?”

“அவ எப்பவும் சரின்னுதான்டா சொல்லுவா. பணம் போட்டப்பவும் அதைத்தான் சொன்னா. நான் என்ன கேட்டேன், அவ எதுக்குச் சரின்னா, ஒண்ணும் அவளுக்குத் தெரியாது.”

“ட்ரெவருக்கு வேண்டாம்னு அழுத்த முடிஞ்சுது உன்னால.”

“அவரு சொன்னாரு, அழுத்தினேன். இவ இன்னும் சொல்லல.”

“எனக்காக ஒண்ணு அழுத்த முடியாதா?”

மரியன் கைப்பையைத் திறந்து போனை எடுத்தாள். எல்ஸியின் பெயரைத் தேடி, கடவுச்சொல்லைப் போட்டாள். பக்கம் வந்தது. எல்ஸி பூத். இரண்டாயிரம் பங்குகள். கீழே இரண்டு பொத்தான்கள், ஒன்று பச்சை, ஒன்று சாம்பல். போன் வெளிச்சம் இருவர் முகத்திலும் விழுந்தது.

காரெத் அசையவில்லை.

“அம்மா. வீடு.”

“தெரியும்டா.”

“பசங்க ரூமுக்குப் போன மாசம்தான் பெயின்ட் அடிச்சோம்.”

“தெரியும்.”

அவள் கட்டைவிரல் திரைக்கு மேலே நின்றது. வெளியே ஜாய்ஸ் குடையோடு கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள். வேனைப் பார்த்துக் கை அசைத்தாள். மரியன் பதிலுக்கு அசைக்கவில்லை. அவள் இரண்டு கையும் போனில் இருந்தன. திரை மங்கியது. தொட்டால் மறுபடி வெளிச்சம் வரும். அவள் தொடவில்லை. திரை அணைந்தது.

“நீயே எடுத்து அழுத்திக்கோ” என்றாள், போனைத் தன் மடியில் வைத்து. “நான் தடுக்க மாட்டேன். ஆனா என் விரலால ஆகாது.”

காரெத் போனைப் பார்த்தான். கையை நீட்டவில்லை. அம்மாவின் கையைப் பிடிக்கவும் இல்லை. இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு கண்ணாடியில் வழியும் மழையைப் பார்த்தான். தூரத்தில் ரயில்வே கேட்டின் மணி அடித்து நின்றது.

“நான் பாக்கவே கூடாதுன்னுதான் வண்டியிலயே இருந்தேன்” என்றான். “நீ உள்ள போயி அழுத்திட்டு வருவே, நான் கேக்க மாட்டேன்னு நெனச்சேன்.”

“அப்படித்தான் நானும் நெனச்சேன். காலையில.”

வேனின் கடிகாரத்தில் ஐந்து ஆனது. இருவரும் அதைப் பார்த்தார்கள். 

காரெத்தின் போன் அடித்தது. லீட்ஸ் எண். அவன் எடுக்கவில்லை. நின்று மறுபடியும் அடித்தது. அப்போதும் எடுக்கவில்லை. மூன்றாவது முறை அடித்தது ஹன்னாவின் எண்.

“எடு” என்றாள் மரியன்.

“வீட்டுக்குப் போயி சொல்றேன்.”

“நானும் வரேன்.”

“வேண்டாம். நானே சொல்லணும்.” அவன் சாவியைத் திருப்பினான். “நீ தனியா இருக்க வேண்டாம், உன்னைக் கெர்ரி வீட்டுல விடறேன்.”

மருத்துவமனைச் சாலை முனையில் வண்டி திரும்பும்போது இணையதளத்தின் அறிவிப்பு அறுநூற்று நாற்பது பங்குதாரர்களுக்கும் போனது. ஆதரவு எழுபத்து நான்கு புள்ளி ஆறு சதவீதம். தேவை எழுபத்தைந்து. தீர்மானம் நிறைவேறவில்லை.